மரமில்லாத மலை என்று யார் சொன்னது?

வேலூர்க்காரனைக் கிண்டல் செய்ய ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று போகும். (இன்னும் ஒன்றிரண்டு உண்டு. எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.) சாமி 1981-லேயே ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் ஊரையே மிரட்டிவிட்டுப் போனது. மலையை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள். ஆடி பிறந்தால் பேனர் கட்டிக்கொண்டு விதைப்பந்து எறிய வந்துவிடுகிறார்கள்: 'மொட்டை மலையைப் பசுமையாக்குவோம்.'

அந்த 'மொட்டை'யில்தான் எனக்குத் தகராறு.

பத்து வயதில், வெயில் கொளுத்தும் மே மாதத்தில், எங்கள் ஊர் மலையில் ஒரு பாறை விரிசலைக் குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே கருகிய தேங்காய் நார் மாதிரி ஏதோ சுருண்டு கிடந்தது. ஆடு மேய்க்கும் ஆயா ஒருவர் அதட்டினார். "இன்னா நைனா நோண்டுற? செத்துப்போச்சுன்னு நெனச்சியா? ஒரு மழை பேயட்டும், வந்து பாரு." மழை பெய்த மறுநாள் ஓடினேன். அதே விரிசலில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு பனங்கன்று! விசிறி ஓலை, காம்பு எல்லாம் அச்சு அசல் பனை. நாலைந்து ஓலை, அவ்வளவுதான்.

அதுதான் மயில்சிகை. பெரணி இனம். தாவரவியல்காரர்களுக்கு ஆக்டினியாப்டெரிஸ் ரேடியேட்டா. ஆப்பிரிக்கா, அரேபியா, இலங்கை என்று பல இடங்களில் இருப்பதால் உலகத்துக்கு அரிதில்லை. எங்கள் மலையில் நான் இதுவரை பார்த்தது மூன்றே விரிசல்களில்.

பெரணிக்குப் பூவும் கிடையாது, விதையும் கிடையாது. இலைக்கு அடியிலிருந்து உதிரும் தூள் முளைத்து, நகத்தைவிடச் சின்னதாக ஒரு பச்சைத் தகடு வரும். அதில் ஆண் அணு தண்ணீரில் நீந்திப் போய்த்தான் பெண் அணுவைச் சேர வேண்டும். வேலூர் வெயிலில், பாறை மேல், நீந்துவதற்குத் தண்ணீர்! எப்படி என்று கேட்டால், மொத்தப் பாறை மீதும் விழுகிற மழை வழிந்து வந்து சேர்வது அந்த விரிசலில்தான். ஊருக்கு ஒரு மழை என்றால் விரிசலுக்குப் பத்து மழை. அப்புறம் வெயில் வந்தால் மயில்சிகை உடம்பிலுள்ள ஈரத்தையெல்லாம் விட்டுவிட்டுச் சுருண்டு படுத்துக்கொள்ளும்.

அது தனியாகவும் இல்லை. வெறும் பாறையில் சாம்பல் நிறப் பட்டை மாதிரி ஒட்டியிருப்பதும் உயிர்தான். பாறைக்குழிகளில் புல். வெயில் படாத பக்கம் இன்னொரு பெரணி, அடிப்பக்கம் வெள்ளை மாவு பூசியது. கையில் வைத்து அழுத்தினால் மருதாணி வைத்ததுபோல் அச்சு விழும். கொஞ்சம் மண் சேர்ந்த இடத்தில் சதுரக்கள்ளி, அதன் நிழலில் கல்முளையான். மேய்க்கப் போகிறவர்கள் கல்முளையானை ஒடித்து அப்படியே மென்று தின்பார்கள். ஜவ்வாது மலைப் பக்கம் போனால் பட்டியல் இன்னும் நீளும்.

சரி, மரம் நட்டால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். போன வருடம் எங்கள் மலைச்சரிவில் ஒரு குழு வரிசையாகக் குழி வெட்டியது. நல்ல பிள்ளைகள்தான், வியர்க்க வியர்க்க வேலை செய்தார்கள். தோண்டிய மண்ணைக் கொட்ட இடம் வேண்டாமா? பக்கத்திலிருந்த விரிசல்களில் தள்ளிவிட்டார்கள். அந்த மண்ணில் இப்போது பார்த்தீனியம் முளைத்திருக்கிறது. பாறையில் வேர் பிடிக்காமல் கன்றுகள் பங்குனிக்குள்ளேயே காய்ந்துவிட்டன. கட்டிவிட்ட குச்சிகள் மட்டும் நிற்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை போய் விரலால் மண்ணைச் சுரண்டிப் பார்த்தேன். ஒரு விரிசலில் அந்த நார் இருக்கிறது. மற்ற இரண்டில் கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. மழைக்கு அப்புறம் திரும்பப் போக வேண்டும்.

இந்த ஆடிக்கும் வருவீர்கள் என்று தெரியும். அடிவாரத்தில் ஏரிக்கரை காலியாகக் கிடக்கிறது. அங்கே புங்கனும் நாவலும் நடுவோம். கடப்பாரை நான் கொண்டுவருகிறேன்.