கடப்பாரையா, கஜானாவா?

கிறிஸ்தவர்கள் கும்பலாகப் போய் கிரேக்க, ரோமானியக் கோயில்களையெல்லாம் தரைமட்டமாக்கினார்கள் என்று ஒரு கோஷ்டி. அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று இன்னொரு கோஷ்டி. இரண்டு கோஷ்டியும் கட்டடத்தைப் பார்ப்பதே இல்லை.

பெரிய கற்கோயிலை இடிப்பது லேசுப்பட்ட வேலையா என்ன? 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் சிரியாவின் அபாமேயாவில் ஜீயஸ் கோயிலை இடிக்கப் படையோடு வந்த அதிகாரி, இரும்பும் ஈயமும் வைத்து இறுக்கிய கற்களைப் பார்த்துக் கைவிரித்துவிட்டார். பிறகு சுமை தூக்கும் கூலியாள் ஒருவர்தான் வழி சொன்னார். 3 தூண்களின் அடியைத் தோண்டி, ஒலிவ மரத்தால் முட்டுக் கொடுத்து, முட்டுக்குத் தீ வைப்பது. முதலில் மரம் எரியவில்லை. கரும்பிசாசு தடுத்தது, பிஷப் மார்செல்லஸ் மந்திரித்த தண்ணீர் தெளித்ததும் பற்றிக்கொண்டது என்று திருச்சபை வரலாறு எழுதிய தியோடொரெட் எழுதுகிறார். (பச்சை மரமாக இருந்திருக்கும் என்பேன் நான்.) அந்த 3 தூண்களும் சாயும்போது இன்னும் 12 தூண்களை இழுத்துக்கொண்டு விழுந்தன.

எல்லா ஊரிலும் இந்தக் கூத்து நடக்கவில்லை. பல கோயில்களைச் சாய்த்தது கஜானாதான். 382இல் பேரரசர் கிரேஷியன் ரோமின் பழைய பூசாரிகளுக்குப் போய்க்கொண்டிருந்த அரசு மானியத்தை நிறுத்தினார். 391இல் பேரரசர் தியோடோசியஸ் பலியைத் தடை செய்தார். அந்தக் கோயில்களில் வழிபாடே வெளியில் இருந்த பலிபீடத்தில்தான். பலி நின்றால் கூட்டம் இல்லை, வரும்படி இல்லை, கூரை மாற்ற ஆள் இல்லை. ஒழுகும் கூரையின் உத்தரம் எத்தனை காலம் தாங்கும்?

சர்ச்சாக மாறிய கோயில்கள் தப்பின. ஆனால் சும்மா தப்பவில்லை. ஏதென்ஸில் இருக்கும் பார்த்தெனோன் கோயிலின் வாசல் கிழக்கே இருந்தது. சர்ச்சுக்குப் பீடம் கிழக்கே வேண்டும். அதனால் வாசலை மேற்குக்கு மாற்றி, கிழக்கே அரைவட்டச் சுவர் எழுப்பினார்கள். முகப்பின் நடுச் சிற்பங்கள் அதில் போயின. தூண்களுக்கு மேலிருந்த சிற்பப் பலகைகளில் கிழக்கு, மேற்கு, வடக்குப் பக்கங்களை உளியால் கொத்திச் சிதைத்தார்கள். வடக்கின் 32ஆவது பலகை மட்டும் பிழைத்தது. அதிலிருந்த இரண்டு பெண்களை மரியாளும் வானதூதருமாக நினைத்திருப்பார்கள் என்பது பலர் தரும் விளக்கம்.

சிசிலித் தீவின் சிராகூசாவில் அதீனா கோயிலின் தூண்களுக்கு இடையே சுவர் வைத்து அடைத்தார்கள். கருவறைச் சுவரில் வளைவுகள் வெட்டினார்கள். டோரிக் என்னும் பழைய கிரேக்கப் பாணித் தூண்கள் இன்றும் கதீட்ரல் சுவரில் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. இப்படி மாற்ற ஆள் கிடைக்காத கோயில்களின் பளிங்கு, பல ஊர்களில் சுண்ணாம்புக் காளவாயில் போனது.