இன்று செய்தி இல்லை

(தொலைக்காட்சித் திரையில் ஏழு கட்டங்கள், ஏழு முகங்கள். மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். மருமகன் உள்ளே வருகிறார்.)

மருமகன்: என்ன மாமா, முகம் இப்படிச் சிவந்திருக்கிறது?

மாமனார்: வயிறு எரிகிறது மாப்பிள்ளை. இப்படியும் ஓர் அநியாயம் நடக்குமா?

மருமகன்: என்ன நடந்தது?

மாமனார்: அதை இடைவேளைக்குப் பிறகு சொல்வார்கள்.

மருமகன்: பிறகு இப்போதே எதற்குக் கோபம்?

மாமனார்: நான்கு பேர் கண்டித்துவிட்டார்கள். இரண்டு பேர், கண்டித்தவர்களைக் கண்டித்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கு அவர்மீதுதான் சந்தேகம்.

மருமகன்: அவருக்கு இணைப்புக் கிடைக்கவில்லை மாமா. காதைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார், பாருங்கள்.

மாமனார்: அப்படியா? கள்ள மௌனம் என்றல்லவா நெறியாளர் சொன்னார்!

மருமகன்: கீழே 'சற்று முன்' என்று ஓடுகிறதே, நேற்று இரவு நான் படுக்கப் போகும்போதும் இதே வரிதான் ஓடியது.

மாமனார்: வரி பழையது. பட்டை புதிது. நேற்று நீலம், இன்று சிவப்பு.

மருமகன்: வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி என்பார்கள். இவர்களுக்கு அவல்கூட வேண்டியதில்லை. 1930 ஏப்ரல் 18 அன்று பிபிசி வானொலியில் என்ன செய்தார்கள் தெரியுமா? செய்தி வாசிப்பவர் வந்தார். "செய்தி எதுவும் இல்லை" என்றார். மிச்ச நேரத்துக்குப் பியானோ வாசித்தார்கள்.

மாமனார்: அவ்வளவுதானா? செய்தி ஏன் இல்லை என்று யாரும் கேட்கவில்லையா? பியானோ வாசித்தவரின் பின்னணி என்ன? ஒரு மணி நேர விவாதத்தைக் கோட்டைவிட்டிருக்கிறார்களே!

மருமகன்: 1948இல் சிகாகோ பத்திரிகை ஒன்று அவசரப்பட்டு, அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமன் தோற்றுவிட்டார் என்று தலைப்புப் போட்டது. ஜெயித்த ட்ரூமன் அந்தத் தாளையே தூக்கிப் பிடித்துப் படத்துக்குச் சிரித்தார். அவசரம் அன்றும் இருந்தது. ஆனால் மறுநாளே பல்லை இளித்துவிட்டது.

மாமனார்: இருங்கள், இருங்கள். (கைபேசியில் ஏதோ தட்டுகிறார்.)

மருமகன்: இப்போது என்ன அனுப்புகிறீர்கள்? போன வாரம் உயிரோடு இருக்கும் நடிகருக்கு அஞ்சலி அனுப்பினீர்கள்.

மாமனார்: முந்திக்கொண்டேன், அவ்வளவுதான். அதுவும் எவ்வளவு சிரமம் தெரியுமா? பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020இல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டுவிட்டது. நாற்பது பேருக்கும் தனித்தனியாக அனுப்பினேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

மருமகன்: அந்தக் கட்டுப்பாடே உங்களைப் போன்றவர்களை நிறுத்தத்தான்.

மாமனார்: வதந்தி பரப்புகிறவர்களை நிறுத்த, மாப்பிள்ளை. நான் விழிப்புணர்வுக்காரன்.

(மருமகனின் கைபேசி ஒலிக்கிறது. எடுத்துப் படிக்கிறார்.)

மருமகன்: "அதிர்ச்சி! இன்று செய்தி இல்லை என்று பிபிசி திடீர் அறிவிப்பு. பியானோவின் பின்னணியில் யார்?" மாமா! ஆண்டு எங்கே?

மாமனார்: ஆண்டைப் போட்டால் யார் படிப்பார்கள்?

(மறுபடியும் ஒலிக்கிறது.)

மருமகன்: இது என் அம்மா. "பிபிசியை இழுத்து மூடிவிட்டார்களாமே, உண்மையா?"

மாமனார்: பார்த்தீர்களா! இரண்டு இடத்திலிருந்து வந்துவிட்டது. நான்கூடச் சும்மா எழுதினேன் என்றல்லவா நினைத்தேன்!