விடாது கருப்ப மறந்துட்டீங்களே

பழைய சீரியலெல்லாம் வெறும் அழுகைதான், வெப் சீரிஸ் வந்த பிறகுதான் தமிழ்ல நல்ல கதை வந்ததெண்டு எழுதியிருக்கீங்க, அத ஒத்துக்கொள்ள ஏலா. நாகா டைரக்ட் பண்ணின மர்மதேசம் டீவி சீரியல்ல வந்த விடாது கருப்பு கதை 90களிலேயே ஒரு கிராமத்துக் காவல் தெய்வத்த வச்சி அவ்வளவு பெரிய மர்மக்கதை சொல்லிட்டுது, இருட்டுக்குள்ள அந்தக் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டா இப்பவும் மயிர் கூச்செறியும். 2022ல வந்த சுழல் வெப் சீரிஸும் எனக்கு உயிர்தான், அதுவும் அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கக்குள்ளதானே காணாமப் போன பிள்ளையத் தேடுது. கிழக்கிலங்கையில பாண்டிருப்புத் தீமிதிப்பும் வைகாசிக் கண்ணகி சடங்கும் பாத்து வளந்த எங்கட ஆக்களுக்கு இந்தக் கதையெல்லாம் நல்லா ஒட்டும். சுழல் பிடிச்ச தம்பி தங்கச்சிமார் மறுகா விடாது கருப்பையும் தேடிப் பாருங்க, ராவைக்கு லைட்ட நூத்துட்டுப் பாக்கணும்.