கும்பிட்டுவிட்டு வெட்டிய மரம்

எங்கள் தெருமுனைப் பயாவில் (புத்தர் கோயிலை இங்கே ரங்கூனில் அப்படித்தான் சொல்வோம்) அரசமரத்தை அறுத்துவிட்டார்கள். பக்கத்து மகிழமரமும் போச்சு. என் தாத்தா பையனாக இருந்தபோதே அந்த அரசு பெரிய மரமாம்.

அன்று மாலை போய்ப் பார்த்தேன். அடிக்கட்டையில் பால் வழிந்து உறைந்து, அதில் எறும்புகள் ஒட்டிக்கிடந்தன. மரத்துக் காவல் தெய்வத்துக்கென்று கிளைக்கவட்டில் கட்டியிருந்த சின்ன மரப்பெட்டியைக் கழற்றி, தேங்காய் வாழைப்பழத்தோடு தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்திருந்தார்கள். வெட்டுவதற்கு முன் பூசை போட்டு, வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி தெய்வத்திடம் கேட்டுக்கொண்டார்களாம்.

பிக்குகளின் ஒழுக்க விதிநூலான விநயத்தில் ஒரு கதை உண்டு. ஆளவி என்ற ஊரில் ஒரு பிக்கு மரம் வெட்டப் போனார். அதில் குடியிருந்த தெய்வம் வேண்டாமென்று கெஞ்சியும் கேட்கவில்லை. வெட்டு அதன் பிள்ளையின் கையில் பட்டுவிட்டது. புத்தரிடம் முறையிட்டது. அவர் அதற்கு வேறு மரம் காட்டினார். கையோடு, செடிகொடிகளை அழிப்பது பிக்குவுக்குக் குற்றம் என்று விதியும் செய்தார். பயா ஆட்கள் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். கேட்டால், வெட்டியது பிக்கு இல்லை, நிர்வாகக் குழு என்பார்கள். சரி.

புத்தகயா போதி மரத்தை கௌட நாட்டு அரசன் சசாங்கன் வெட்டி எரித்ததாக யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். அவன் பகைவன். இங்கே ஒரு பகைவனும் கிடையாது. மரத்தைக் கொன்றது புண்ணியம் தேடும் ஆசைதான்.

எப்படியென்றால், ஒருவர் தளத்துக்கு டைல்ஸ் போட்டுக் கொடுக்கிறார். பளிங்கில் அவர் பெயர் ஏறுகிறது. தூரைச் சுற்றி ஒரு முழம்கூட விடாமல் சிமெண்ட் பூசுகிறார்கள். வேருக்குக் காற்றும் இல்லை, மழைத் தண்ணீரும் இல்லை. சில வருடங்களில் உச்சிக்கிளை காய்கிறது. அப்புறம், "நர்கிஸ் மறந்துபோச்சா? விழுந்து யாராவது செத்தால்?" என்கிறார்கள். 2008 மே மாதம் அந்த நர்கிஸ் புயலில் இந்த ஊரில் விழுந்த மரங்களைப் பார்த்தவன் நான், அந்தப் பயம் பொய்யில்லை. வேர் புகுந்து செங்கல் கட்டடம் பிளப்பதும் உண்மை. ஆனால் இந்த மரத்தைக் காயவிட்டது டைல்ஸ். வெட்டிய இடத்தில் இப்போது நிழற்கொட்டகை போடப் போகிறார்கள், நிழல் இல்லை என்பதால். அதற்கும் ஓர் உபயதாரர் கிடைத்துவிட்டார். மரத்தைச் சும்மா விட்டு வைத்ததற்கு யார் பெயரையும் கல்லில் வெட்டுவதில்லையே.

கசோன் என்ற பர்மிய மாதத்துப் பௌர்ணமிக்கு வரிசையில் நின்று போதி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது இந்த ஊர் வழக்கம். சுடும் வெயில் மாதம், மரத்துக்கு உண்மையிலேயே தண்ணீர் தேவைப்படும் நேரம். எங்கள் வீட்டிலிருந்து அம்மாவும் குடத்தோடு போவார். இந்த வருடம் ஒரு சிமெண்ட் தொட்டியில் முழங்கால் உயரக் கன்று. ஆளாளுக்கு ஊற்றி, தொட்டி நிரம்பி, தண்ணீர் டைல்ஸில் ஓடி, பாட்டி ஒருத்தி வழுக்கி விழப் பார்த்தார்.

பர்மாக்காரர்களை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. நம் அம்மன் கோயில் வேம்பைச் சுற்றியும் டைல்ஸ் போட ஒருவர் பணம் தருகிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தூரைச் சுற்றி ஆறடி மண்ணை விடுங்கள், பெயர்க்கல்லை வேண்டுமானால் அந்த மண்ணிலேயே நட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லப் போகிறேன். வர முடிந்தவர்கள் வாருங்கள், தனியாளாகப் பேசினால் உட்காரச் சொல்லிவிடுவார்கள்.