பாக்கெட் மாவுப் பணியாரத்துக்குச் சோடா எதற்கு?
கடை இட்லி மாவில் குழிப்பணியாரம் சுடும் உங்கள் சமையல் குறிப்பில் ஆப்பசோடா சேர்க்கச் சொல்லியிருக்கிறீர்கள். புளித்த பாக்கெட் மாவுக்கு அது வேண்டாம். போட்டால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், சோடா வாடையும் அடிக்கும். நிஜமான சிக்கல் மாவு நீர்த்திருப்பதுதான். 2 கப் மாவுக்கு 2 மேசைக்கரண்டி ரவை கலந்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். வெங்காயம், பச்சைமிளகாயைக் கடுகு உளுத்தம்பருப்போடு வதக்கி, ஆறிய பிறகே சேர்க்கணும். பச்சையாகப் போட்டால் தண்ணீர் விட்டு நடுவில் வேகாது. உப்பைப் பார்த்துப் போடுங்கள், பல பாக்கெட்டுகளில் ஏற்கெனவே இருக்கும். குழிக்கு அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய், முக்கால் குழி மாவு, மிதமான தீ, மூடி போட்டு 3 நிமிடம். ஓரம் தானாக விட்டதும் திருப்புங்கள். அதற்குள் கிண்டினால் பிய்ந்துவிடும். தொட்டுக்கொள்ளக் கடை இட்லிப்பொடியே போதும், சட்னி அரைக்கிற வேலையும் மிச்சம்.