நபவிய்யா மூசாவை மறந்துவிடக் கூடாது

"முஸ்லிம் பெண்களுக்குக் கல்விக் கதவைத் திறந்துவிட்டது ஐரோப்பிய ஆட்சிதான்" என்ற கட்டுரையின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. எகிப்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் படை அங்கே நுழைந்தது 1882-ல். அதற்கு 9 ஆண்டுகள் முன்பே, 1873-ல், அப்போது எகிப்தை ஆண்ட கெதிவ் இஸ்மாயிலின் மனைவியருள் ஒருவரின் ஆதரவில் கெய்ரோவில் அரசுப் பெண்கள் பள்ளி தொடங்கிவிட்டது.

பிறகு வந்து எகிப்தின் நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த பிரிட்டிஷ் அதிகாரி குரோமர் பிரபு என்ன செய்தார்? கல்விக்கான செலவை இறுக்கிப் பிடித்தார், அரசுப் பள்ளிகளில் கட்டணத்தைக் கூட்டினார். இஸ்லாம் பெண்களைத் தாழ்த்துகிறது என்று எழுதிய அதே மனிதர், இங்கிலாந்து திரும்பியதும் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற சங்கத்துக்குத் தலைவரானார்!

நபவிய்யா மூசாவின் கதையை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு கனக்கிறது. கெய்ரோவில் பள்ளி ஆசிரியை. உடன் வேலை பார்த்த ஆண்களுக்கு அவரைப் போல இரண்டு மடங்கு சம்பளம். கேட்டால், அவர்களிடம் மேல்நிலைச் சான்றிதழ் இருக்கிறது என்றார்கள். பெண்களுக்கோ அப்போது அரசு மேல்நிலைப் பள்ளியே கிடையாது. வீட்டிலேயே தானாகப் படித்து, கல்வித் துறையை ஆட்டிவைத்த ஆங்கிலேய ஆலோசகர் டன்லப்பின் எதிர்ப்பையும் தாண்டி, 1907-ல் தேர்வெழுதித் தேறினார்.

அவருக்கு அடுத்து இன்னொரு எகிப்தியப் பெண் அந்தத் தேர்வை எழுத ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. பெண்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி வந்ததும் 1920-களில்தான், அதாவது 1922-ல் எகிப்து பெயரளவிலாவது சுதந்திரம் பெற்ற பிறகு. கட்டுரையில் இந்தப் பெண்மணியின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லையே, ஐயா.