'நியூஸ்' திசைகளின் சுருக்கம் அன்று

வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களிலுள்ள முதலெழுத்துகள் சேர்ந்தே 'நியூஸ்' என்ற சொல் பிறந்தது என்று பரவிவரும் விளக்கம் தவறானது. 'புதிய' எனப் பொருள்படும் 'நியூ' என்னும் பெயரடை பன்மை விகுதி ஏற்று, 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'புதியவை' என்ற பொருளிலும், 15ஆம் நூற்றாண்டில் 'புதிய தகவல்' என்ற பொருளிலும் வழங்கலாயிற்று. பிரெஞ்சு மொழியின் 'நூவெல்' என்ற சொல்லும் இவ்வாறே அமைந்தது. முதலெழுத்துகளைக் கோத்துச் சொல் படைப்பதோ 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. மேலும், முற்காலத்தில் இச்சொல்லை ஆங்கிலத்தில் 'newes' என ஐந்தெழுத்தாகவும் எழுதினர் என்பதால், அந்த ஐந்தாவது எழுத்துக்கு எந்தத் திசையைக் காட்டுவார்களோ தெரியவில்லை. வடிவில் பன்மையாயினும் இன்று இச்சொல் ஒருமை வினையையே ஏற்கும். ஒரேயொரு செய்தியைச் சுட்ட 'எ நியூஸ்' என்னாமல் 'எ பீஸ் ஆஃப் நியூஸ்' என்றே எழுத வேண்டும்.